கதவில் ஒட்டியதாகச் சொன்ன சம்மன்

அடமானக் கடன் வழக்கில் எனக்கு எதிராக, நான் ஆஜராகாததால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகியிருந்ததே, அதை அடுத்து வங்கி இறுதித் தீர்ப்பாணை கேட்டுப் போட்ட மனுவின் நோட்டீஸ் வந்தபோதுதான் தெரிந்தது. சம்மன் என் கைக்கு வரவே இல்லை. வங்கிக் கிளைக்கு அலைந்தேன். கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வட்டிக் கணக்கை எதிர்க்கலாமா என்றேன். தீர்ப்பு ரத்தாகாதவரை எடுபடாது என்றார் வக்கீல்.

அப்புறம் நகல் மனு போட்டு சம்மனைக் கொண்டுவரும் கோர்ட் ஊழியரான அமீனாவின் அறிக்கையை வாங்கினோம். விஷயம் அதில்தான் இருந்தது. 'வீடு பூட்டியிருந்தது, கதவில் ஒட்டினேன்' என்று ஒரே வரி. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 5 விதி 17-ன்படி வீட்டை அடையாளம் காட்டியவர், ஒட்டும்போது உடனிருந்தவர் பெயர், முகவரி எழுதியிருக்க வேண்டும். அந்த இடம் காலி! அமீனாவின் பிரமாணப் பத்திரமும் இல்லை. அது இல்லையென்றால் விதி 19-ன்படி கோர்ட்டே அவரை விசாரித்திருக்க வேண்டும், அதற்கும் பதிவில்லை.

ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு, கட்டளை 9 விதி 13-ல் மனு போட்டோம். சம்மன் முறையாகச் சார்பு செய்யப்படாவிட்டால், அதாவது நம்மிடம் சேர்க்கப்படாவிட்டால், இந்த மனுவுக்கான 30 நாள் கெடு, தீர்ப்பு நமக்குத் தெரிந்த நாளிலிருந்து ஓடும். அதைக் காட்ட நோட்டீஸ் வந்த கவரைத் தபால் முத்திரையோடு சேர்த்தேன். கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சம்மன் சேர்த்த விதத்தில் குறை மட்டும் போதாது, வாய்தா தேதி தெரியாது என்பதும் முக்கியம். அதையும் பிரமாணத்தில் சொன்னேன்.

தீர்ப்பு ரத்தானது, பெரிய நிம்மதி. இப்போது எதிர்வாதவுரை தாக்கல் செய்திருக்கிறோம்.