சிறு குழந்தைகளுக்கு டிராம்போலின்: இடத்தை அளந்த பிறகே கடைக்குப் போங்கள்

ஸ்பிரிங்குகளால் சட்டத்தில் இழுத்துக் கட்டிய விரிப்பின்மேல் குதித்து விளையாடும் டிராம்போலினை வாங்கலாமா என்று கேட்கும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, வீட்டிலுள்ள மிகச் சிறிய குழந்தைக்கு என்ன வயது என்பதைத்தான். விலையும் அளவும் கம்பெனியும் அதற்குப் பிறகுதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1999-ஆம் ஆண்டிலேயே வீடுகளில் டிராம்போலின் வேண்டாம் என்று அறிவுறுத்தியது. 2012-இல் வெளியிட்ட அறிக்கையிலும் அந்த நிலையை அது மாற்றிக்கொள்ளவில்லை. அந்நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், முழு அளவு டிராம்போலினில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஏற்றவே கூடாது என்கிறது. ஆகவே மூன்று வயதுக் குழந்தைக்காகப் பத்தடி டிராம்போலின் வாங்க நினைப்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். ஆறு வயதைத் தாண்டிய குழந்தை இருக்கிறது, அல்லது சின்னதற்கென்றே தாழ்வான ஒரு சிறிய டிராம்போலின் வாங்கப் போகிறோம் என்பவர்கள் மேலே படிக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒரு குழந்தை

டிராம்போலினில் அடிபட்ட குழந்தைகள் என்றதும், விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்தவர்கள் என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி விழுபவர்களும் உண்டு. ஆனால் மேலே குறிப்பிட்ட 2012 அறிக்கையின்படி, காயங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் குதிக்கும்போதுதான் ஏற்படுகிறது. அதிலும் அடிபடுவது பெரும்பாலும் கூட்டத்தில் மிகச் சிறிய குழந்தைதான். காரணம் எளிது. கனமான ஒருவர் குதித்து இறங்கும்போது விரிப்பு ஆழமாக அமுங்கி, உடனே வேகமாக மேலெழும்பும். அந்த நொடியில் சிறு குழந்தை கீழே வந்துகொண்டிருந்தால், எழும்பி வரும் விரிப்பு அதன் காலைக் கடினமான தரையைப் போல எதிர்த்து அடிக்கிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே முன்னங்கால் எலும்பின் மேற்பகுதியில் இப்படி ஏற்படும் விரிசல், இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் அடிக்கடி காணப்படுவதால் மருத்துவர்கள் அதற்கு டிராம்போலின் முறிவு என்றே பெயரிட்டிருக்கிறார்கள். குழந்தை கீழே விழுந்திருக்கவே வேண்டியதில்லை. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு உடன் குதித்தாலே போதும்.

நம் வீடுகளில் இந்த விதியைக் காப்பாற்றுவது கடினம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மே மாத விடுமுறையில் சென்னையிலிருந்து அத்தை பிள்ளைகளும் குடியாத்தத்திலிருந்து சித்தி பிள்ளைகளும் வந்து இறங்கினால், நான்கு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடையில் ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் டிராம்போலினில் ஏறி நிற்பார்கள். "பெரியவன்தானே, தம்பியைப் பார்த்துக்கொள்வான்" என்று பாட்டி சொல்வதில் அன்பு இருக்கிறது. ஆனால் இந்த இடத்தில் அந்தப் பெரியவனின் எடைதான் தம்பிக்கு ஆபத்து. முறை வைத்து ஏற்றி இறக்க, கைபேசியை உள்ளே வைத்துவிட்டு அருகில் நிற்கக்கூடிய பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கிறாரா என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். தாத்தா பாட்டி வீட்டில் இருந்தாலும், முழங்கால் வலியோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பவரால் ஏழு பேரை அடக்க முடியாது.

கடைக்காரர் "நூற்றைம்பது கிலோ தாங்கும், நாலு பசங்க குதிக்கலாம்" என்பார். அந்த எண் சட்டமும் ஸ்பிரிங்கும் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது. எத்தனை பேர் பாதுகாப்பாகக் குதிக்கலாம் என்பதை அது சொல்வதில்லை.

இடம்

டிராம்போலினைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது ஆறரை அடி வெற்றிடம் இருக்க வேண்டும். எட்டடி விட்டமுள்ள டிராம்போலினுக்கு இருபுறமும் ஆறரை அடியைக் கூட்டினால், இருபத்தோரு அடிக்கு இருபத்தோரு அடி தேவைப்படும். வேலூரில் காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ முப்பதுக்கு நாற்பது மனையில் வீடு கட்டியிருப்பவருக்கு, வீட்டைச் சுற்றி விட்ட இடம் முழுவதையும் சேர்த்தாலும் அவ்வளவு சதுரம் ஓரிடத்தில் கிடைக்காது. நான்கரை அடி விட்டமுள்ள குழந்தைகளுக்கான டிராம்போலினுக்குக்கூடப் பதினேழரை அடி வேண்டும். டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே முடிவு தெரிந்துவிடும்.

இடம் போதாதவர்கள் அடுத்து நினைப்பது மொட்டை மாடியை. அது கூடவே கூடாது. கைப்பிடிச் சுவர் மூன்றடி உயரம். டிராம்போலினின் விரிப்பே இரண்டு மூன்றடி உயரத்தில் இருக்கும். அதன்மேல் குழந்தை எழும்பினால் சுவர் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். வலை கட்டியிருக்கிறோம் என்பது இங்கே சமாதானமாகாது.

தோட்டத்தில் இடம் இருப்பவர்களும் அந்த இருபத்தோரு அடிக்குள் என்னென்ன இருக்கின்றன என்று நடந்து பார்க்க வேண்டும். துவைக்கும் கல், போர் குழாயின் தலைப்பு, சம்ப்பின் இரும்பு மூடி, துணிக்கொடி கட்டிய கம்பம், கண்ணாடிச் சில்லு பதித்த மதில் ஆகியவை நம் கண்ணுக்குப் பழகிப்போய் ஆபத்தாகவே தோன்றாத பொருள்கள். செப்டிக் டேங்க் மூடிகளின்மேல் டிராம்போலினின் கால்கள் வரவே கூடாது. மேலேயும் பாருங்கள். தென்னை மரத்தடி வேண்டாம் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. முருங்கை மரம் சாதுவாகத் தெரிந்தாலும் அதன் கிளை காற்றுக்கே முறிந்து விழும். மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயருக்கு நேர் கீழேயோ அதையொட்டியோ வைக்காதீர்கள்.

தரை சமமாக இருக்க வேண்டும், மிருதுவாகவும் இருக்க வேண்டும். வேலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் இரண்டாவது நிபந்தனை அவ்வளவு எளிதில் நிறைவேறாது. மலையடிவாரத்து மனைகளில் ஒரு மண்வெட்டி ஆழத்திலேயே சரளை வந்துவிடுகிறது. சிமெண்ட் தளம், பேவர் பிளாக், சரளை மூன்றும் டிராம்போலினுக்கு ஏற்றவையல்ல. புல்தரை நல்லது, இல்லையென்றால் கல் பொறுக்கிச் சலித்த மண்ணை விளிம்பைச் சுற்றித் தாராளமாகப் பரப்பி, அவ்வப்போது கிளறிவிடுங்கள், மழைக்குப் பிறகு அது இறுகிப்போகும்.

வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டுக் குழி தோண்டி, டிராம்போலினைத் தரைமட்டத்தில் பதிக்கச் சிலர் ஆசைப்படுகிறார்கள். உயரத்திலிருந்து விழும் ஆபத்து அதில் குறையும் என்பது உண்மைதான்; ஆனால் ஐப்பசி மழையில் அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும், கொசு பெருகும், தண்ணீர் வற்றியதும் நிழலும் ஈரமும் தேடித் தேளும் பாம்பும் வந்து குடியேறும். வடிகால் அமைத்துப் பராமரிக்க முடியாதவர்கள் அந்த யோசனையை விட்டுவிடலாம். தரைக்கு மேலே நிற்கும் டிராம்போலினின் அடியிலும் யாரும் நுழையாதபடி சுற்றிலும் ஒரு வலையைத் தொங்கவிடுவது அவசியம். மேலே ஒருவன் குதிக்கும்போது பந்தை எடுக்க அடியில் தவழ்ந்து போகிறவனின் தலையில்தான் விரிப்பு வந்து இடிக்கும்.

கடையில் பார்க்க வேண்டியவை

விரிப்பு எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. சிறு குழந்தைகளுக்கானவற்றில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் கனமான எலாஸ்டிக் கயிறு கோத்தவை கிடைக்கின்றன. விரலும் முடியும் மாட்டிக்கொள்ளும் தொல்லை அவற்றில் குறைவு, துள்ளலும் மிதமாக இருக்கும். பிள்ளை வளர்ந்தாலும் உதவுமே என்று பெரிய அளவாக வாங்குவது சட்டைக்குச் சரி, இதற்குச் சரியல்ல.

வலை எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். சட்டத்தின் வெளிப்புறக் கம்பங்களிலிருந்து நேராகத் தொங்கும் வலையில், குழந்தை ஓரத்துக்குப் போனால் ஸ்பிரிங்கின்மேல்தான் விழும். விரிப்பின் விளிம்போடு, ஸ்பிரிங்குக்கு உள்பக்கமாகச் சேர்க்கப்பட்ட வலை, குழந்தையை ஸ்பிரிங் பக்கமே விடாது. கடையிலேயே குனிந்து, விரிப்பும் வலையும் சேரும் இடத்தில் கையை நுழைத்துப் பாருங்கள். உங்கள் கை போனால் குழந்தையின் கால் போகும். வலையின் கண்கள் கால்விரல் நுழையாத அளவு சிறியவையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதைப் பிடித்து ஏறுவார்கள். வாசலில் ஜிப்பும் கொக்கியும் இரண்டும் இருக்க வேண்டும். ஜிப்பைப் பத்துமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். வலையைத் தாங்கும் கம்பங்களுக்கு மேலிருந்து கீழ்வரை ஃபோம் உறை இருப்பது முக்கியம். இவ்வளவும் சரியாக இருந்தாலும் வலை தடுப்பது வெளியே விழுவதை மட்டும்தான். உள்ளே இருவர் மோதிக்கொள்வதை அது தடுக்காது.

ஸ்பிரிங்குகளின்மேல் போடும் மெத்தை, ஸ்பிரிங்கையும் இரும்புச் சட்டத்தையும் முழுவதும் மூட வேண்டும். ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் செருப்புத் தொழிலில் இருப்பவர்களுக்கு நல்ல ஃபோம் எது, வெறும் ரெக்ஸின் எது என்று சொல்லித் தரவேண்டியதில்லை. மற்றவர்கள் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கலாம். அடியிலுள்ள இரும்பு விரலுக்குத் தட்டுப்பட்டால் அந்த மெத்தை பெயருக்குத்தான்.

சட்டம் துத்தநாகப் பூச்சுள்ள குழாயாக இருக்கட்டும். பூச்சு உள்பக்கமும் இருக்கிறதா என்று குழாயின் வாயைப் பாருங்கள். இராணிப்பேட்டையிலும் வேலூரிலும் திறமையான வெல்டர்களுக்குப் பஞ்சமில்லை என்பதால், கிரில் பட்டறையில் சட்டம் செய்து வாங்கிவிடலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். ஊஞ்சலுக்கு அது பொருந்தும். டிராம்போலினில் ஒவ்வொரு குதிப்பிலும் சட்டம் எல்லாப் பக்கமிருந்தும் உள்நோக்கி இழுக்கப்படுகிறது. பற்றவைத்த இடத்தில் முடி போன்ற விரிசல் விழுந்து, ஒரு நாள் முன்னறிவிப்பின்றிப் பிளக்கும்.

இந்தியாவில் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகியுள்ளது. குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் என்று விற்கப்படும் டிராம்போலினில் அந்த முத்திரையையும் உரிம எண்ணையும் தேடுங்கள், எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால் உண்மையா என்பது தெரியும். இறக்குமதியான பெரியவற்றில் அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். எஃப் 381 அல்லது ஐரோப்பாவின் இ.என். 71-14 என்ற தரக்குறிப்பு கையேட்டில் அச்சாகியிருக்கும். பழையதை வாங்குவதாக இருந்தால், வலையும் மெத்தையும் தனியாகக் கிடைக்குமா என்று விசாரித்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

வெயிலும் காற்றும்

கத்திரி வெயிலில் வேலூரில் வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டுவது ஆண்டுதோறும் நடப்பது. அந்த வெயிலில் கறுப்பு விரிப்பு பாதத்தைச் சுடும். காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பிறகும்தான் விளையாட விட வேண்டும், அப்போதும் பெரியவர் ஒருவர் புறங்கையை வைத்துப் பார்த்த பிறகே. வெயிலில் முதலில் கெடுவது வலையும் தையல் நூலும்தான். நகத்தால் கீறினால் வலையிலிருந்து தூள் உதிர்கிறதென்றால் அதை மாற்றும் காலம் வந்துவிட்டது. மாதம் ஒருமுறையாவது ஸ்பிரிங், தையல், கம்ப உறை எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்.

கோடை மழைக்கு முன் வீசும் சூறைக்காற்றில் வலை கட்டிய டிராம்போலின் பாய்மரம்போல் கிளம்பிவிடும். கால்களைத் தரையோடு பிணைக்கும் வளைந்த இரும்புக் கம்பிகளை அடித்து இறக்குங்கள். சரளையில் அவை இறங்காவிட்டால் ஒவ்வொரு காலிலும் மணல் மூட்டை கட்டுங்கள். புயல் அறிவிப்பு வந்தால் வலையைக் கழற்றிவிடுவது நல்லது.

ஏணியை விளையாட்டு முடிந்ததும் கழற்றி உள்ளே வையுங்கள். பெரியவர்கள் மதியம் கண்ணயரும் நேரத்தில் இரண்டு வயதுக் குழந்தை தனியாக ஏறுவதற்கு அந்த ஏணி ஒன்றே போதும். குட்டிக்கரணம் எந்த வயதினருக்கும் கூடாது. கழுத்து எலும்பு முறிவதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

அடிபட்டால்

குதித்துவிட்டு வந்த குழந்தை காலை ஊன்ற மறுத்தால், வீக்கம் தெரியாவிட்டாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். நம் பகுதியில் சுளுக்கோ முறிவோ என்றால் ஆந்திர எல்லை தாண்டிப் புத்தூர் கட்டுக்குக் கிளம்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. டிராம்போலின் முறிவு ஏற்படும், முழங்காலுக்குக் கீழுள்ள அந்த இடத்தை ஒட்டித்தான் எலும்பு நீளமாக வளரும் பகுதி அமைந்திருக்கிறது. ஆகவே படம் எடுக்காமல், எலும்பு மருத்துவர் பார்க்காமல், குழந்தையின் காலில் எந்தக் கட்டும் போட விடாதீர்கள். கட்டு அவிழ்த்த பிறகும் கால் நேராக வளர்கிறதா என்று மருத்துவர் சொல்லும் தேதிகளில் காட்ட வேண்டும். தலையோ கழுத்தோ அடிபட விழுந்த குழந்தையைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். யாராவது 108-ஐ அழைக்கட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை தலையின் இரு பக்கத்தையும் கையால் பிடித்து, கழுத்து அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.