பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கிறதா? எதிர்ப்பக்கச் சக்கரத்தைப் பாருங்கள்

பிரேக்கை மிதித்ததும் கார் ஒரு பக்கமாக ஓடுகிறது என்றால் பலரும் நேராக, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கடைக்குத்தான் போகிறார்கள். காசு கொடுத்துவிட்டு வந்த பிறகும் அது இழுத்துக்கொண்டே இருக்கும். அலைன்மென்ட் கெட்டிருந்தால் பிரேக் பிடிக்காமல் ஓட்டும்போதும் வண்டி இழுக்கும். பிரேக்கில் மட்டும் இழுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது முன்சக்கர பிரேக்கைத்தான்.

இதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பிரேக் நன்றாகப் பிடிக்கிற பக்கத்துக்குத்தான் வண்டி இழுக்கும். இடப்பக்கம் இழுத்தால் இடச்சக்கரம் தன் வேலையைச் செய்கிறது, வலச்சக்கரம் செய்யவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். இது தெரியாமல் இழுக்கிற பக்கத்தையே கழற்றிப் பார்த்து, 'எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது' என்று மூடிவிடுகிறார்கள்.

முதலில் காற்று

காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் சூடாகாதபோது காற்றைப் பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அளவு இருக்கும். இரண்டு முன்டயரிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்றாலும் இழுக்கும்.

பிறகு ரோட்டில்

காங்கேயம், தாராபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு நேரான ரோட்டுக்குப் பஞ்சமில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத விடியற்காலையில், முன்னும் பின்னும் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, 40 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். ஸ்டீயரிங்கை விடாமல், ஆனால் இறுக்காமல் பிடித்தபடி மெதுவாக பிரேக்கை அழுத்துங்கள். ரோட்டின் ஓரம் தண்ணீர் வடிய இடப்பக்கம் சற்றுச் சரிவாகத்தான் இருக்கும். அதனால் லேசாக இடப்பக்கம் நகர்வதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

மழையில் நின்ற வண்டியோ கழுவி நிறுத்திய வண்டியோ முதல் ஒன்றிரண்டு பிரேக்கில் மட்டும் இழுத்துவிட்டுச் சரியானால், அது டிஸ்கில், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டில், படிந்த ஈரமும் துருவும்தான். விட்டுவிடலாம்.

தொடர்ந்து இழுத்தால், எப்போது இழுக்கிறது என்று கவனியுங்கள். மிதிக்கும்போது இழுத்து, காலை எடுத்ததும் நேரானால் எதிர்ப்பக்க பிரேக் பிடிக்கவில்லை. காலை எடுத்த பிறகும் ஒரு பக்கமே இழுத்தால் அந்தப் பக்க பிரேக் விடவில்லை. மிதித்ததும் ஒரு பக்கம், விட்டதும் மறுபக்கம் என்று மாறி மாறி இழுத்தால், விட்டதும் இழுக்கிற பக்கத்து பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்) உள்ளே ஊதி அடைத்திருக்கலாம். ஆயில் தாமதமாகப் போகும், தாமதமாகத் திரும்பும். பிரேக்கோடு 'டக்' என்று சத்தமும் வந்தால் சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சூடு சொல்லும்

சமதளத்தில் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி, அவ்வப்போது பிரேக் பிடித்து, நிறுத்துங்கள். இரண்டு முன்சக்கரங்களுக்கும் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். டிஸ்கைத் தொடவே கூடாது, தோல் வெந்துவிடும். ஒன்று அனல் அடித்து, மற்றொன்று வெதுவெதுப்பாக இருந்தால் விஷயம் கிட்டத்தட்ட பிடிபட்டது. மிதிக்கும்போது மட்டும் இழுக்கிற வண்டியில் ஆறிப்போன சக்கரம்தான் குற்றவாளி. எப்போதும் இழுக்கிற வண்டியில் சூடான சக்கரம்.

சக்கரத்தைக் கழற்றினால்

டிஸ்க் நன்கு ஆறிய பிறகு, கெட்டியான சமதரையில் ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கி ஏற்றிக் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். இப்போது டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் கண்ணுக்குத் தெரியும். பல கார்களில் அது 'பின்' எனப்படும் இரண்டு உலோகக் கம்பிகளின் மேல் உள்ளும் வெளியும் நகர வேண்டும். தோட்டத்துச் சாளையில் நின்று, வாரத்துக்கு ஒருமுறை மட்டும் டவுனுக்கு வரும் வண்டிகளில் இந்தப் பின்தான் அதிகம் ஜாம் ஆகிறது. ரப்பர் உறை கிழிந்து, உள்ளே தண்ணீரும் செம்மண்ணும் போய், கிரீஸ் காய்ந்து பழுப்புப் பொடியாகிக் கிடக்கும். கேலிப்பரின் இடைவெளி வழியாக, டிஸ்கை இருபுறமும் அழுத்தும் பேடுகளைப் பாருங்கள். உள்பேடு நன்றாகத் தேய்ந்து, வெளிப்பேடு தடிமனாகவே இருந்தால் பின்னின் மேல் கேலிப்பர் நகரவில்லை என்று எழுதிக் கொடுத்த மாதிரி. பேடிலோ டிஸ்கிலோ எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் பிடிக்காது, அது எங்கிருந்து ஒழுகுகிறது என்று தேட வேண்டும்.

இத்தோடு நிறுத்துங்கள். கேலிப்பரைக் கழற்றுவது பழகியவர் வேலை. சக்கரத்தை மாட்டி, நட்டுகளை இறுக்கி, மெக்கானிக்கிடம் பார்த்ததை அப்படியே சொல்லுங்கள்: 'இடப்பக்கம் இழுக்குதுங்க, வலச்சக்கரம் சூடே ஆகல, உள்பேடு மட்டும் தேஞ்சிருக்கு.' இப்படிச் சொன்னால் தேவையில்லாத சாமான் மாற்றும் பேச்சே வராது. கேலிப்பர் பின்னுக்கு, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸ்தான் போட வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்து, மறுபடி ஜாம் ஆக்கிவிடும். பேடு மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால் அதுவே இழுக்கக் காரணமாகலாம்.

வேலை முடிந்ததும் அதே ரோட்டில் அதே வேகத்தில் ஓட்டி, சூட்டை மறுபடி பாருங்கள். புது பேடு என்றால் முதல் 200, 300 கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக் பிடிக்காமல் பழக்குங்கள். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் வால்பாறையின் 40 வளைவுகளும் அதற்கு அப்புறம்தான்.