ஆர்ஜினின் டின் வாங்க முன்னம்

குருதிக்குழாயின் உட்புறத்தை ஒற்றைக் கல அடுக்காக மூடியிருப்பது அகவணி. அதிலுள்ள நொதியம் ஒன்று ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை ஒட்சிசனோடு சேர்த்து நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயுவாகவும் சிட்ருலின் என்ற இன்னொரு அமினோ அமிலமாகவும் மாற்றுகிறது. இந்த வாயு பக்கத்துத் தசைக்குள் பரவியதும் குழாய் தளர்ந்து விரியும். சில செக்கன்களிலேயே அழிந்துவிடுவதால் ஓயாமல் உண்டாகிக்கொண்டே இருக்கவேண்டும். இதைக் கண்டறிந்தவர்களுக்குத்தான் 1998இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

அப்படியென்றால் ஆர்ஜினின் தூளைக் கரைத்துக் குடித்தால் பிரஷர் இறங்குமா? பலருக்குப் பெரிதாக இறங்காது. கலத்துக்குள் ஏற்கெனவே நொதியத்துக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு ஆர்ஜினின் கிடக்கிறது. விழுங்குவதிலும் ஒரு பெரும் பங்கைக் குடலும் ஈரலும் உடைத்துவிடும். சிட்ருலின் ஈரலில் சிக்காமல் சிறுநீரகத்துக்குப் போய் அங்கே ஆர்ஜினினாகிறது. ஆகவே எடுத்தேயாகவேண்டுமென்றால் சிட்ருலின்தான் மேல். ஆய்வுகளில் பெரும்பாலும் நாளுக்கு 3 முதல் 6 கிராம் கொடுத்திருக்கிறார்கள். ஆர்ஜினினை ஒரே தரத்தில் 9 கிராமுக்கு மேல் எடுத்தால் வயிற்றோட்டம் வரலாம்.

மாரடைப்பு வந்தவர்கள் ஆர்ஜினினைத் தொடவேண்டாம். 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அவர்களுக்கு 3 கிராம் வீதம் மூன்று வேளை கொடுத்தபோது ஆறு பேர் இறந்தனர். வெற்று மருந்து எடுத்தவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. ஆய்வையே நிறுத்திவிட்டார்கள். நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசை பாவிப்பவர்களும் வைத்தியரைக் கேட்காமல் ஆர்ஜினினோ சிட்ருலினோ எடுக்கக்கூடாது, பிரஷர் சடாரென்று விழலாம்.

சாப்பாட்டில் ஆர்ஜினினுக்குக் குறைவில்லை. ஒரு கைபிடி கச்சானில், அதாவது 30 கிராமில், ஏறத்தாழ 0.9 கிராம் உண்டு. நல்லூர்த் திருவிழாவில் கோதோடு வறுத்து விற்பதுபோல உப்பில்லாததாகப் பாருங்கள். உப்புக் கச்சான் ஒரு கையால் தந்து மறுகையால் பறிக்கும். எள்ளு, உழுந்து, கௌபி, மீன் எல்லாவற்றிலும் இருக்கிறது. சிட்ருலினுக்கு வத்தகப்பழம். ஆனால் கணக்குப் பாருங்கள்: கிலோவுக்குச் சுமார் 1 முதல் 3 கிராம்தான், கூடவே 60 கிராம் சீனி. சலரோகக்காரருக்கு இது கட்டாது. அவர்கள் பச்சைத் தோலைச் சீவிவிட்டு உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியைத் துண்டாக்கி, பச்சைமிளகாய், வெங்காயம், மஞ்சளோடு அவித்து, இறக்கும்போது பால் விட்டு வெள்ளைக்கறி வைக்கலாம். அதிலும் சிட்ருலின் உண்டு, சீனி குறைவு. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் பொற்றாசியத்தை நினைத்து அளவோடு நிற்கவேண்டும்.

உண்மையான கோளாறு பெரும்பாலும் நொதியத்தில்தான். புகைத்தலும் கட்டுப்படாத சீனியும் அது வேலைசெய்யத் துணைநிற்கும் பொருளைக் கெடுத்துவிட, அதே நொதியம் நைத்திரிக் ஒட்சைட்டுக்குப் பதிலாகக் கலத்தைத் தாக்கும் ஒட்சிசன் மூலிகத்தை உண்டாக்கும். இன்னொரு அமினோ அமிலமான மெதியோனினிலிருந்து வரும் ஹோமோசிஸ்டீன் இரத்தத்தில் கூடினாலும் நைத்திரிக் ஒட்சைட்டு உற்பத்தி படுக்கும். அதைக் குறைக்க போலேற்று, பி12 என்ற இரண்டு விற்றமின்களும் வேண்டும். தனிச் சைவக்காரரும் சலரோகக் குளிசையான மெற்போமினை நெடுங்காலம் எடுப்பவர்களும் பி12 அளவைச் சோதித்துக்கொள்வது நல்லது.

நொதியத்தை எழுப்ப மலிவான வழி நடை. இரத்தம் வேகமாக ஓடி அகவணியை உரசுவதே அதற்கு உத்தரவு. நாளுக்கு 30 நிமிடம், கதைக்கலாம் ஆனால் பாட முடியாத வேகத்தில்.

பலன் தெரிய வேண்டுமென்றால் காலையில் தேத்தண்ணிக்கு முன் ஐந்து நிமிடம் சும்மா இருந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து இரண்டு தரம் பிரஷர் அளந்து கொப்பியில் எழுதுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்தாமல், அடுத்த கிளினிக்குக்குக் கொப்பியைக் கொண்டுபோங்கள்.