ஒராளை நீக்கப் போய் ஊரையே நீக்காமல் இருக்க

வவுனியாவிலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் படிக்கிற பிள்ளைகளின் இறுதி வருட புரொஜெக்டுகளைப் பார்த்தால், பாதிப் பேர் கையில் ஏதாவதொரு பதிவேட்டுச் செயலி இருக்கும். நெல் ஆலைக் கணக்கு, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பட்டியல், கமக்காரர் அமைப்பின் பதிவு என்று. சேர்ப்பதும் திருத்துவதும் ஒழுங்காகத்தான் வேலை செய்யும். நீக்கும் பட்டனில்தான் வில்லங்கம். பிஎச்பி என்ற கணினி மொழியில் இருந்து, மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்குள் எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பான ஸ்டோர்ட் புரொசீஜரைக் கூப்பிட்டு நீக்குவார்கள். புரொசீஜர் என்றாலே பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை.

டிலீட் கட்டளையில், எந்த வரிசையை நீக்குவது என்று சொல்லும் ‘வேர்’ என்ற நிபந்தனையைப் போட மறப்பதைப் பற்றி இங்கே எழுதவில்லை. அது தெரியாத ஆள் இல்லை.

ஐடி = ஐடி

இதைக் காணும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். வேர் இருக்கும், பார்க்க லட்சணமாகவும் இருக்கும். ஆனால் வேலை செய்யாது.

அட்டவணையில் ஐடி என்று ஒரு நிரல் (கொலம்). புரொசீஜருக்கு வெளியில் இருந்து வரும் பெறுமதியான பராமீற்றருக்கும் ஐடி என்றே பெயர். உள்ளே ‘டிலீட் ஃப்ரம் உறுப்பினர் வேர் ஐடி = ஐடி’. எழுதியவர் மனதில் இடப்பக்கம் நிரல், வலப்பக்கம் பராமீற்றர். மைஎஸ்கியூஎல் அப்படிப் பார்ப்பதில்லை. ஒரே பெயரில் இரண்டும் இருந்தால் இரண்டு பக்கத்தையும் பராமீற்றர் என்றே எடுக்கும். 17 = 17. எல்லா வரிசைக்கும் அது உண்மை, ஆகவே எல்லா வரிசையும் போகும். வெறுமை என்று பொருள்படும் ‘நல்’ பெறுமதியை அனுப்பினால் மட்டும் ஒன்றும் அழியாது!

கிளிநொச்சிப் பக்கம் ஒரு கமக்காரர் அமைப்புக்கு இரண்டு பொடியள் இப்படித்தான் செய்து கொடுத்திருந்தார்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்குப் பெரும்பாலும் எல்லா வயலுக்கும் தண்ணீர் காணாது. யாருக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டம் வைத்துப் பங்கிடுவார்கள். அதற்கு உறுப்பினர் பட்டியல் வேண்டும். கூட்டத்துக்கு முன்னர், காலமான ஒருவரின் பெயரை எடுக்கச் செயலாளர் பட்டனை அழுத்தினார். ‘வெற்றிகரமாக நீக்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் வந்தது. பட்டியல் வெறுமை.

“தம்பி, ஒராளை எடுக்கச் சொன்னால் ஊரையே எடுத்துப் போட்டியளே!”

“டெஸ்ட் பண்ணிப் பாத்தனாங்கள், ஐயா.”

பொய்யில்லை, பார்த்துத்தான் இருந்தார்கள். ஒரேயொரு வரிசை இருந்த அட்டவணையில். அதை நீக்கினார்கள், அது போனது, சரி என்று விட்டுவிட்டார்கள்.

அதைவிட எரிச்சல், மைஎஸ்கியூஎல்லோடு வேலை செய்யும் வேர்க்பெஞ்ச் செயலி முதலிலேயே தடுத்திருந்தது. அதில் சேஃப் அப்டேட் என்ற காவல் இயல்பாகவே இயங்கும். சாவி நிரலைத் தொடாத டிலீட்டை 1175 என்ற பிழை எண்ணோடு நிறுத்திவிடும். பொடியள் அந்தப் பிழையைத் தேடி, அதை அணைக்கும் வழியைக் கண்டுபிடித்து, அணைத்துவிட்டு மேலே போயிருக்கிறார்கள். பிஎச்பி வழியாக வரும் இணைப்பில் இந்தக் காவல் இயல்பாக இல்லை. நாமே இயக்கினால்தான் உண்டு.

பட்டியல் கடைசியில் செயலாளரின் கொப்பியில் இருந்து திரும்ப ஏறியது. சந்தாக் கணக்கு ஏறவில்லை. இரண்டு அட்டவணையையும் இணைக்கும் ஃபாரின் கீயில், உறுப்பினர் அழிந்தால் அவர் சந்தாவும் அழியும் ‘கஸ்கேட்’ போட்டிருந்ததால் அதுவும் கூடவே போய்விட்டது. நீக்கியதைக் குறித்துவைக்க சந்தா அட்டவணையில் தானாக இயங்கும் ஒரு ட்ரிகர் இருந்தது. ஆனால் கஸ்கேட்டால் அழியும் வரிசைகளுக்கு மைஎஸ்கியூஎல் ட்ரிகரை இயக்குவதில்லை. பலருக்கு இது தெரியாது.

பராமீற்றர் பெயருக்கு முன்னால் ‘பி’ எழுத்தும் ஓர் அடிக்கோடும் போடுங்கள். டிலீட் முடிந்ததும் அழிந்த வரிசைகளின் எண்ணிக்கையான ரோ கவுண்ட் ஒன்றா என்று பாருங்கள். இல்லையென்றால் ரோல்பேக் செய்து பழையபடி ஆக்குங்கள். அந்த எண்ணிக்கையில் கஸ்கேட்டில் போனவை சேராது என்பதையும் நினைவில் வையுங்கள். மற்றத் தரவுத்தளங்களில் எஸ்கியூஎல் சேர்வரில் பராமீற்றர் அட் குறியோடு தொடங்குவதால் இந்தக் குழப்பமே வராது. போஸ்ட்கிரெஸில் ‘எந்த ஐடி?’ என்ற பாணியில் பிழை காட்டி நின்றுவிடும். ஒரக்கிள் நிரல் பெயரை முன்னிறுத்தும், ஆனால் விளைவு இதேதான்.

நீக்குவதற்கு லிங்க் வைப்பது

லிங்கை அழுத்தினால் போகும் ‘கெட்’ கோரிக்கையில் எதையும் அழிக்காதீர்கள். 2005இல் கூகுள் வெப் அக்சிலரேட்டர் பக்கத்தில் இருந்த லிங்குகளை முன்கூட்டியே திறந்து வைக்கப் போய், சில செயலிகளில் ‘நீக்கு’ லிங்குகளும் தாமாகத் திறந்தன. படிவம் அனுப்பும் ‘போஸ்ட்’ கோரிக்கை போதும், அதோடு வேறு தளம் நம் பெயரில் கோரிக்கை அனுப்புவதைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன்.

ஐடியை மட்டும் நம்புவது

முகவரியில் 17ஐ 18 ஆக்க எந்தச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். லொகின் செய்தவர் யார் என்பதை சேர்வர் நினைவில் வைத்திருக்கும் செஷனில் இருந்து எடுத்து ‘வேர்’ நிபந்தனையில் சேருங்கள். மைஎஸ்கியூஎல் புரொசீஜர் இயல்பாக, அழைத்தவரின் உரிமையில் அல்ல, உருவாக்கியவரின் உரிமையில் ஓடும். அவர் எல்லா உரிமையும் உள்ள ரூட் என்றால் யோசித்துப் பாருங்கள்.

புரொசீஜருக்குள் எஸ்கியூஎல்லை ஒட்டி எழுதுவது

எழுத்துத் துண்டுகளை ஒட்டும் கொன்கட்டையும் அதைக் கட்டளையாக்கும் பிரிப்பேரையும் சேர்த்தால், பயனர் தரும் எழுத்தே கட்டளையாக மாறும் இன்ஜெக்‌ஷன் திரும்ப வந்துவிடும்.

ட்ரான்ஸாக்‌ஷன் இல்லாமல் இரண்டு டிலீட்

நடுவில் கரண்ட் போகும். ஒன்று அழிந்து மற்றது மிஞ்சும், அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்து முடியவோ சேர்ந்து நிற்கவோ செய்வதுதான் ட்ரான்ஸாக்‌ஷன். பழைய அட்டவணை மைஐசாம் என்ற சேமிப்பு முறையில் இருந்தால் ட்ரான்ஸாக்‌ஷன் எழுதியும் பயனில்லை. மைஎஸ்கியூஎல் 5.5 முதல்தான் அதைத் தாங்கும் இன்னோடிபி இயல்பு.

பேக்கப்

மைஎஸ்கியூஎல்டம்ப் என்ற கருவியால் பேக்கப் எடுக்கும்போது ரூட்டீன்ஸ் தெரிவைச் சேருங்கள். ட்ரிகர் தானாக வரும், புரொசீஜர் வராது.