டிவியில் சொன்னது நம்ம தெருவில் இல்லையே: பூத் கமிட்டிக்குப் புதுசா வந்தவங்களுக்கு ஒரு செய்முறை

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. ராத்திரி எட்டரை மணி. டிவியில் விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கட்சியின் செய்தித் தொடர்பாளர், வட சென்னையில் குடிநீர்ப் பிரச்சினை என்ற பேச்சுக்கே இடமில்லை என்றார். கடைக்கு எதிரே இருபது பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் இருந்தன. லாரி இன்னும் வரவில்லை. குடம் வைத்துவிட்டு நின்ற ஒரு அக்கா டிவியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இன்னாப்பா, உங்காளு இப்படி சொல்றாரு?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை.

இருபது வருஷத்துக்கு மேலாகப் பூத் வேலை பார்க்கிறேன். என் கட்சியின் பெயர் இங்கே தேவையில்லை. எதிர் வரிசையில் உட்காரும் முகவர்களும் தேர்தல் அன்று சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது இதையேதான் சொல்கிறார்கள். "டிவில பேசறவங்க நம்ம தெருவப் பாத்ததே இல்ல. ஆலோசகருங்க லேப்டாப்பப் பாத்து முடிவு பண்றாங்க. நம்மள யாரும் கேக்கறதில்ல." இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் டீக்கடையிலேயே கொட்டித் தீர்த்துவிட்டால் பகுதிச் செயலாளர் காதுக்குக்கூட அது போய்ச் சேராது. மேலே இருப்பவர்கள் ஒதுக்க முடியாத ஒரு தாளாக அந்தக் கோபத்தை எப்படி மாற்றுவது என்று, முதல் தேர்தலுக்கு வேலை செய்ய வரும் தம்பி தங்கைகளுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

தேவையானவை: ஒரு நோட்டு. உங்கள் பாகத்தின், அதாவது ஒரு வாக்குச்சாவடிக்கு உட்பட்ட பகுதியின், வாக்காளர் பட்டியல் (தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்). கூட வர இரண்டு பேர்; அதில் ஒருவராவது உங்கள் பேச்சுக்குத் தலையாட்டாதவராக இருக்கட்டும். வாரத்துக்கு இரண்டு சாயங்காலம்.

படி 1: எதை நம்பவில்லை என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"அந்தாள நம்ப முடியாது" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதைப் பிரிக்க வேண்டும். அவர் சொன்ன தகவலே தப்பா? தகவல் ஊருக்குச் சரி, நம் தெருவுக்குத்தான் பொருந்தவில்லையா? அல்லது சொன்னதில் தப்பில்லை, நம்மைக் கேட்காமல் முடிவெடுத்ததுதான் வலிக்கிறதா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

நான்காவதாக ஒரு பேச்சு எல்லா இடத்திலும் ஓடும்: "அவன் வெல போயிட்டான்பா." இதை நோட்டில் எழுதாதீர்கள். கையில் ஆதாரம் இல்லாமல் ஒருவர் மேல் துரோகி என்று முத்திரை குத்திவிட்டால், நீங்கள் கொண்டுபோகும் உண்மையான கணக்கையும் "இவன் அந்த கோஷ்டி" என்று சொல்லி ஓரம் கட்டுவார்கள். நல்ல தொண்டர்கள் பலர் இப்படித்தான் வாய் அடைபட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

படி 2: பேசியதை முழுசாகக் கேளுங்கள்

என்ன தேதி, எந்த நிகழ்ச்சி, அவர் சொன்ன அதே வார்த்தை. மூன்றும் நோட்டில் ஏற வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் துண்டு வீடியோவை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒருமுறை எங்கள் பேச்சாளரே தொண்டர்களைக் "கூலிக்கு வர்ற கூட்டம்" என்று சொன்னதாக ஒரு துண்டு வந்தது. கட்சிப் படிப்பகத்தில் அன்று ராத்திரி பத்து மணி வரை சத்தம். மறுநாள் முழு வீடியோவைப் பார்த்தால், எதிர்க்கட்சிக்காரர் சொன்னதை எடுத்துச்சொல்லி அதற்கு மறுப்புத்தான் கொடுத்திருக்கிறார். அதற்குள் எங்களில் இரண்டு பேர் கோபத்தில் பதவியை விட்டு விலகுகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதைத் திரும்ப வாங்க ஒரு வாரம் ஆயிற்று.

படி 3: உங்கள் தெருவின் கணக்கை எடுங்கள்

வேலையின் முக்கால் பங்கு இந்தப் படியில்தான். அவசரப்படாமல் செய்யுங்கள்.

வாக்காளர் பட்டியலில் உங்கள் தெருவை எடுத்துக்கொண்டு, கதவு எண் வரிசையில் நாற்பது வீடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டிய வீடுகளாகப் பொறுக்கக்கூடாது. மூன்றாவது வீடு விட்டு மூன்றாவது வீடு என்று எண்ணிக்கொண்டே போங்கள். எதிர்க்கட்சிக் கொடி கட்டிய வீடு வந்தாலும் கதவைத் தட்டுங்கள். ஹவுசிங் போர்டு என்றால் கீழ்த்தளத்தோடு நிறுத்தாதீர்கள். மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் சுமப்பவர் சொல்லும் பதில் வேறாக இருக்கும்.

கேள்விக்குள்ளேயே பதில் வராத மாதிரி கேளுங்கள். "தண்ணி ஒழுங்கா வரலதானே?" என்றால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "போன வாரம் எத்தன நாள் தண்ணி வந்துச்சு, எத்தன மணிக்கு?" என்று கேளுங்கள். பதிலை "சரி", "இல்லை", "தெரியாது" என்று மூன்று கட்டத்தில் போடுங்கள். தெரியாது என்ற கட்டத்தைப் புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். அந்தக் கட்டம் இருந்தால்தான் படிப்பவருக்கு உங்கள் கணக்கின் மேல் நம்பிக்கை வரும்.

நேரம் முக்கியம். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். ராத்திரி ஏழுக்கு மேல்தான் பார்க்க முடியும். காசிமேட்டில் ஃபைபர் படகுக்காரர்கள் காலையில் கரைக்கு வந்து மீனை இறக்கிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். விசைப்படகில் போனவர்கள் பல நாள் கழித்துத்தான் திரும்புவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அந்த 61 நாளும் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். 2021-ல் ஓட்டுப்பதிவு ஏப்ரல் 6-ஆம் தேதி, தடைக்காலத்துக்கு முன்பு. 2024-ல் ஏப்ரல் 19, தடைக்காலத்துக்குள். ஒரே தெரு, ஒரே குடும்பம். ஆனால் யார் வீட்டில் இருப்பார், யார் கடலில் இருப்பார் என்பது தேதியைப் பொறுத்து மாறிவிடும். வெளியூரிலிருந்து வரும் ஆலோசகரின் அட்டவணையில் இதற்குக் கட்டம் இருக்காது. நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

இன்னொரு உதாரணம். ஒரு தேர்தலில் வேட்பாளர் வேன் போகும் பாதையை ஆலோசகர் குழு மேப் பார்த்துப் போட்டுக் கொடுத்தது. கேட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பத்து நிமிஷம் என்று போட்டிருந்தார்கள். கேட் போட்டால் என்ன ஆகும் என்று கொருக்குப்பேட்டையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். வேன் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் ஆரத்தித் தட்டோடு காத்திருந்த பெண்கள் கற்பூரம் அணைந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கப் போனது வட்டச் செயலாளர்.

ஆனால் மறுபக்கமும் எழுதத்தான் வேண்டும். இன்னொரு தேர்தலில் சர்வே எடுக்க வந்த ஒரு பையன், "அண்ணா, உங்க தெருவுல நீங்க நெனைக்கற அளவுக்கு ஓட்டு இல்ல" என்றான். நான் அவனைத் திட்டி அனுப்பினேன். "எங்க தெருவப் பத்தி எங்களுக்கே சொல்றியா?" என்று கேட்டேன். எண்ணிக்கை அன்று என் பாகத்தின் எண்ணைப் பார்த்தபோது அவன் சொன்னதுதான் சரி. எனக்குத் தெரிந்த முகங்களை மட்டும் பார்த்துவிட்டு, தெருவையே பார்த்ததாக நான் நினைத்திருந்தேன். வீடு விட்டு வீடு எண்ணும் பழக்கம் அதற்குப் பிறகுதான் எனக்கு வந்தது. அந்தப் பையனை மறுபடி பார்க்கவில்லை; பார்த்தால் சொல்ல வேண்டும் என்று இன்னும் மனதில் இருக்கிறது.

படி 4: அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

விவாதத்துக்குப் போகிறவருக்கு வழக்கமாகத் தலைமையிலிருந்து குறிப்பு வரும். குறிப்பே தப்பாக இருந்தால் அவரைத் திட்டிப் பயனில்லை. சர்வே வேறு பாதையில் போகும்: வட்டம், பகுதி, மாவட்டம் என்ற கட்சிப் படிகள் எதையும் தொடாமல் நேராக மேலே. 2020 பிப்ரவரியில் திமுக, ஐபேக் நிறுவனத்தோடு கைகோத்ததை அறிவித்ததிலிருந்து, தேர்தலுக்கு ஆலோசனை நிறுவனம் வைப்பது இங்கே யாருக்கும் புதுசு இல்லை. வைப்பது தப்பில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். இரண்டு பாதையும் எங்கேயும் சந்திக்காமல் இருப்பதுதான் தப்பு.

மேலே பேசும் பேச்சும் தெருவும் எவ்வளவு தூரம் விலகும் என்பதை எங்கள் ஆர்.கே.நகர் தொகுதி 2017-ல் பார்த்தது. ஏப்ரல் 12-ல் நடக்க இருந்த இடைத்தேர்தலைப் பணப்பட்டுவாடா புகாரால் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. டிசம்பர் 21-ல் நடந்தபோது குக்கர் சின்னத்தில் நின்ற சுயேச்சை 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆளுங்கட்சி இரண்டாவது, பிரதான எதிர்க்கட்சிக்கு டெபாசிட்டே போயிற்று.

படி 5: ஒரு பக்கக் கடிதம்

ஒரு பக்கம் தாண்டக்கூடாது. ஒரே ஒரு விஷயம். அந்த டீக்கடை ராத்திரிக்குப் பிறகு நாங்கள் கொடுத்தது இது. இந்த மாதிரி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய பகுதிச் செயலாளர் அண்ணன் அவர்களுக்கு வணக்கம். இன்ன தேதி விவாதத்தில் நம் செய்தித் தொடர்பாளர் 'குடிநீர்ப் பிரச்சினை என்ற பேச்சுக்கே இடமில்லை' என்று சொன்னார். எங்கள் பாகத்தில் நாற்பது வீடுகளில் கேட்டோம். இருபத்திரண்டு வீட்டில் வாரம் இரண்டு நாள்தான் தண்ணீர். ஏழு வீட்டில் சரியாக வருகிறது. பதினோரு வீட்டில் பதில் தெரியவில்லை. இந்த விவரம் விவாதத்துக்குப் போகிறவர்களுக்குக் கொடுக்கப்படுமா? வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு பதில் சொன்னால் தெருவில் நாங்கள் பேச வசதியாக இருக்கும்."

கையெழுத்து மூன்று பேருடையது. வட்டச் செயலாளருக்குத் தெரிந்தே கொடுங்கள். அவரைத் தாண்டிப் போனால் விஷயம் தண்ணீரிலிருந்து மரியாதைக்கு மாறிவிடும். ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். போட்ட அரை மணி நேரத்தில் எதிர்க்கட்சி ஐடி விங்கின் கையில் இருக்கும். உங்களை யாரும் கேட்க மாட்டார்கள், யார் கசியவிட்டது என்றுதான் கேட்பார்கள்.

பதிலே வராவிட்டால்? பேச்சாளர் உங்கள் பகுதிப் பொதுக்கூட்டத்துக்கு வரும்போது மேடைக்குத் துண்டுச்சீட்டு அனுப்புங்கள். இது வட சென்னைக்குப் பழக்கப்பட்ட வழி. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில், மழையில் நனைந்துகொண்டே திமுகவின் தொடக்கக் கூட்டத்தைக் கேட்ட மண் இது. பேசுகிறவரும் கேட்கிறவரும் முகத்துக்கு முகம் பார்த்துப் பழகிய ஊர். சீட்டில் கோபம் வேண்டாம். நாற்பது, இருபத்திரண்டு, ஏழு, பதினோரு என்ற எண்களும் தெருப் பெயரும் போதும்.

படி 6: பணத்தைப் பற்றிய சந்தேகம் என்றால்

"ஆலோசகருக்குக் கோடிக்கணக்குல போவுது, பூத்துக்கு டீச்செலவு கூட வரல" என்ற பேச்சுக்குப் பொதுவில் ஆவணம் உண்டு. சட்டமன்றத் தேர்தல் முடிந்த 75 நாளுக்குள், மக்களவைத் தேர்தல் என்றால் 90 நாளுக்குள், கட்சிகள் தேர்தல் ஆணையத்துக்குச் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். ஆணையத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். ஆலோசனை நிறுவனத்துக்குப் போன தொகை தனித் தலைப்பில் இல்லாமல் போகலாம். விளம்பரம், இதரச் செலவு என்ற இடங்களையும் பாருங்கள். வேட்பாளரின் கணக்கு தனி. முடிவு வந்த 30 நாளுக்குள் அதைக் கொடுக்க வேண்டும். 2022 முதல் நம் மாநிலத்தில் வேட்பாளருக்கு உச்சவரம்பு சட்டமன்றத்துக்கு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். கட்சியின் செலவுக்கு வரம்பே இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் பேசினால் உங்கள் கேள்வி முதல் வரியிலேயே விழுந்துவிடும்.

படி 7: ஓட்டுப்பதிவு அன்று படிவம் 17சி

முகவராக உட்கார்ந்தால், பெட்டியை மூடியதும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் கையெழுத்திட்ட 17சி நகலை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். மொத்தம் எத்தனை ஓட்டுப் பதிவானது என்பதற்கு அதுதான் சாட்சி. 2024 ஏப்ரல் 19 ராத்திரி மாநிலம் முழுக்க 72.09 சதவீதம் என்று அறிவித்தார்கள். கடைசியில் நின்றது 69.72. முதலில் வந்தது மதிப்பீடு. அந்த ராத்திரியே அந்த எண்ணை வைத்து எல்லாச் சேனலிலும் எல்லாக் கட்சிப் பேச்சாளர்களும் வெற்றிக் கணக்குப் போட்டார்கள். எங்கள் பாகத்தின் எண் என் சட்டைப்பையில் இருந்தது. அன்று கேட்டவர்களுக்கு அதை மட்டும்தான் சொன்னேன்.

கடைசியாக, அந்தக் கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை பதில் வரவில்லை. அடுத்த புதன்கிழமை பகுதிச் செயலாளர் அண்ணன் இரண்டு பேரோடு படிப்பகத்துக்கு வந்தார். நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். இருபத்திரண்டு வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இந்தப் பதினோரு வீட்ல ஏன்பா தெரியல?" என்றார். நாலு வீடு பூட்டியிருந்தது, மற்ற வீடுகளில் பெரியவர்கள் யாரும் இல்லை என்றோம். "அதையும் கேட்டு முடிங்க. முழுசா இருந்தா நானே மாவட்டத்துக்கு எடுத்துக்கினு போறேன்" என்று சொல்லிவிட்டு, இருந்த பக்கங்களை ஜெராக்ஸ் போட ஆள் அனுப்பினார்.

குடம் வைத்திருந்த அந்த அக்கா வீடும் அந்தப் பதினொன்றில் ஒன்று. நாங்கள் போன நேரத்தில் அவர் லாரி வரிசையில் நின்றிருக்கிறார். இந்த வாரம் ராத்திரி எட்டு மணிக்குமேல் போகிறோம்.