விளையில நிக்கிற நாட்டுப் பழமரத்தை டூரிஸ்ட் காசுல காப்பாத்துறது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்துல திற்பரப்பு அருவிக்கும் பேச்சிப்பாறை அணைக்கும் போற வண்டியெல்லாம் நம்ம விளை (தோட்டம்) வாசல் வழியாதான் போகுது, நாமளோ உள்ள நிக்கிற செங்கவருக்கை மாமரத்தையும் கூழஞ்சக்கை பலாமரத்தையும் வெட்டிட்டு ரப்பர் வைக்கலாமான்னு யோசிக்கிறோம். அதுல நாலு வண்டி உள்ள வந்தாலே அந்த மரம் நிக்கும்ங்க.

எடுத்தவுடனே ரூம் கட்டாதீங்க, மரத்தைக் கணக்கெடுங்க. எந்த மரம், யாரு வச்சது, எப்ப காய்க்கும், சுளை என்ன நிறம்னு ஒரு நோட்டுல எழுதுங்க, வீட்ல பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதிருங்க. அடுத்து ஒட்டு, அதாவது தாய்மரத்துக் கிளையை வேற கன்னுல சேத்துக் கட்டுறது. சக்கைக்கொட்டை (பலாக்கொட்டை) போட்டு முளைச்சா தாய்மரத்து ருசி அப்படியே வராது, அதனால ஒட்டுக் கட்டி ரெண்டு மூணு கன்னை வேற வேற ஊர்ல சொந்தக்காரங்க விளையில வைங்க, 2017 ஒக்கி புயல்ல மரங்க சாஞ்சு கிடந்த கிடப்பைப் பாத்தவங்களுக்கு காரணம் சொல்லவே வேண்டாம்.

ஆள் கூப்பிட நல்ல நேரம் மார்ச் கடைசியில இருந்து மழை பிடிக்கிற வரைக்கும், மாங்கா சக்கை ரெண்டும் கிடைக்கும். வாழை வருஷம் முழுக்க உண்டு.

வந்தவங்களுக்கு லெக்சர் வேண்டாம், வாயில குடுங்க. ஒரு இலையில மட்டி, சிங்கன், செந்துளுவன், பாளையங்கோட்டான்னு நம்ம வாழைப்பழம் எல்லாம் உரிச்சு வச்சு பேரு சொல்லாம தின்ன விடுங்க, மட்டியைக் கடிச்சதும் அந்த வாசத்துக்கே முகம் மாறும், அப்போ சொல்லுங்க இதுதான் 2023ல புவிசார் குறியீடு வாங்குன பழம், இங்க பிள்ளைங்களுக்கு முதமுதல்ல ஊட்டுறது இதைத்தான்னு. சக்கை வெட்டும்போது கத்தியிலயும் அவங்க கையிலயும் தேங்கா எண்ணெய் தடவி அவங்களையே சுளை எடுக்க விடுங்க. வருக்கைச் சக்கைச் சுளை மொறுமொறுன்னு கையோட வரும், கூழன் சுளை வழுக்கிட்டு ஓடும். கூழனைத்தான் இப்ப யாரும் சீண்டுறதில்ல, அதனால அதுல சக்கை வரட்டியும் (வெல்லம் போட்டுக் கிண்டுறது) இலை அப்பமும் செஞ்சு விலைக்கு வைங்க, என்னைக் கேட்டா அந்த மரத்துக்கு இதுதான் உயிர். சாப்பாடு விக்கணும்னா உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம் எடுத்துக்கோங்க.

டிக்கெட் காசுல ஒரு பங்கை நாத்துக்குன்னே ஒதுக்குங்க. மறுபடி மறுபடி வர்ற குடும்பம்னா ஒரு மரத்தை ஒரு வருஷத்துக்கு ஏத்துக்கச் சொல்லலாம், காசு முன்னாடியே வாங்கிட்டு காய்ச்சதும் பாதிப் பழம் அவங்களுக்கு. உங்ககிட்ட மட்டும் இருக்குற ரகம்னு தோணுனா 2001 பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்துல விவசாயி பேர்லயே பதியலாம், பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துல போய் விசாரிங்க.

வாழைக்கன்னு கேட்டா மட்டும் பாத்துக் குடுங்க, முடிக்கொத்து நோய் (இலையெல்லாம் உச்சியில கொத்தாக் குறுகிப் போற நோய்) வந்த வாழை மூட்டுல இருந்து ஒரு கன்னுகூட வெளிய போகக் கூடாது, அவங்க ஊர்ல இருந்து கொண்டு வர்ற கன்னையும் விளைக்குள்ள விடாதீங்க.