காலிப் பெட்டியும் பூட்டிக்கொள்ளும் பின்சக்கரமும்

1972 செவ்ரோலெட் சி-10 பிக்கப்பை ஆட்டோகிராஸுக்கு (கூம்புகள் வைத்த தடத்தில் நேரம் பார்த்து ஓட்டும் போட்டி) தயார் செய்யும்போது முதலில் காசு போட வேண்டியது பிரேக்கில், எஞ்சினில் அல்ல. பின்னால் உள்ள சரக்குப் பெட்டி காலியாக, எடை குறைவாக இருப்பதால், பிரேக் பிடித்தால் பின்சக்கரம் முன்னதாகப் பூட்டி (உருளாமல் நின்று சறுக்கி) வண்டி சுழலும்.

முன், பின் பிரேக்குகளுக்குப் போகும் அழுத்தத்தைச் சமன்செய்யும் பழைய காம்பினேஷன் வால்வைக் கழற்றிவிட்டு, பின் பிரேக் லைனில், அழுத்தத்தைத் திருகி மாற்றும் புரொபோர்ஷனிங் வால்வு போட்டேன். இரண்டையும் சேர்த்து வைத்தால் அளவு பிடிபடாது. பழையதோடு பிரேக் எச்சரிக்கை விளக்கின் ஸ்விட்சும் போய்விடும், கவனம். குழாய் 3/16 அங்குல ஸ்டீல், முனை இரட்டை ஃப்ளேர் (விளிம்பை விரித்து உள்ளே மடித்தது); ஒற்றை ஃப்ளேர் அழுத்தத்தில் பிளக்கும். செம்புக் குழாய் வேண்டவே வேண்டாம்.

பிரேக் லைனில் மாட்டிய ஏர் எடுக்கும் வரிசை: வலது பின், இடது பின், வலது முன், இடது முன். பிறகு பின் அழுத்தத்தை முழுக்கக் குறைத்து, காலி மைதானத்தில் வால்வைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருகி ஏற்றவும். முன்சக்கரம் சற்றே முந்திப் பூட்டும் இடம்தான் சரியான அளவு. டயர் மாற்றினால் மறுபடி பார்க்க வேண்டும்.